நூற்றுப் பதினான்கு பஃப்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு பேர் என்னிடம் பொய் சொன்னார்கள். பதினோரு பேருக்கும் நன்றி சொல்லி, படிவத்தில் டிக் அடித்து அனுப்பி வைத்தேன்.

என் வேலையே இதுதான். வெளியே சொல்லிக்கொள்ள "பின்தொடர்வு ஒருங்கிணைப்பாளர், ஆஸ்துமா தடுப்பு ஆய்வுத் திட்டம்" என்று ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருக்கிறது. உள்ளே பார்த்தால், மாதம் ஒருமுறை வருகிறவர்களிடம் "பிரவுன் போட்டீங்களா?" என்று கேட்பேன், அவர்கள் "போட்டேன் சார்" என்பார்கள், நான் எழுதிக்கொள்வேன். இதில் பதினான்கு வருட அனுபவம் வேறு.

இன்ஹேலர் இரண்டு வகை. நீலம், மூச்சு முட்டும்போது இழுப்பதற்கு. ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறந்துவிடும், அதனால் அதை யாரும் சட்டைப் பையைவிட்டு இறக்குவதில்லை. பிரவுன், மூச்சு முட்டாமலே இருப்பதற்கு. காலையில் இரண்டு பஃப், அதாவது இரண்டு அமுக்கு, மாலையில் இரண்டு பஃப், நன்றாக இருக்கும் நாளிலும். போட்ட அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் தெரியாது. சில வாரம் கழித்து, "அட, இந்த வாரம் இருமி எழுந்திருக்கவே இல்லையே" என்று யாராவது ஞாபகப்படுத்தினால் உண்டு. நடக்காமல் போன ஒன்றுக்காக எவன் தினமும் மெனக்கெடுவான்?

"நன்றாக இருக்கும் நாளிலும் போட வேண்டும்" என்று எங்கள் துண்டுப் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாக்கியம் நான் எழுதியது. ஆறு வயதிலிருந்து எனக்கும் ஆஸ்துமா. இன்று நான் பிரவுன் போடவில்லை. நன்றாக இருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

கூட்டம். டாக்டர் மேடம் முகத்தில் ஈயாடவில்லை. "போட்டேன் போட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. எடை பார்த்தா பாதிகூட இறங்கல."

எடை என்பது என் இலாகா. இன்ஹேலருக்குள் இருக்கும் உலோகக் குப்பியை, கொடுக்கும்போது ஒருமுறையும் திரும்பி வரும்போது ஒருமுறையும் சின்னத் தராசில் நிறுப்பேன். எடை குறைந்தால் மருந்து வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். வாய் பொய் சொல்லும், தராசு சொல்லாது என்று நானே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

யாருக்கும் ஒன்றும் தோன்றாதபோது எனக்குத் தோன்றியது. ஒரு பலகை. ஆளுக்கு ஒரு எண். எடை சரியாகக் குறைந்திருந்தால் பச்சைப் பொட்டு, குறையாவிட்டால் சிவப்பு. காத்திருக்கும் அறையில் மாட்டிவிட்டால் ரோஷம் வந்து போட்டுவிடுவார்கள். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல யோசனை." பதினான்கு வருடத்தில் முதல் முறை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 19, புதன்

பலகையில் முதல் பச்சை, எண் முப்பத்தொன்று. பேக்கரி மாஸ்டர். இருபத்திரண்டு வருடமாக மாவும் அடுப்பும். சராசரிக்கு மேல் உயரம், உட்காரும்போது நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பவர் போல உட்காருவார். எல்லார் முன்னாலும் எழுந்து நிற்கச் சொல்லி நான் கை தட்டினேன், காத்திருந்தவர்களும் தட்டினார்கள். அவருடைய மனைவி பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

இன்ஹேலர் தலையில் மாட்டும் மூடி வந்திருக்கிறது. உள்ளே ஒரு சில்லு. எத்தனை முறை அமுக்கினோம் என்று எண்ணுமாம். இருபதுதான் வந்தது. பத்தொன்பதை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, பேட்டரி ஒரு மாதம் நிற்கிறதா என்று பார்க்க ஒன்றை நமக்குள்ளேயே யாராவது பயன்படுத்தட்டும் என்றார் மேடம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீசில் ஆஸ்துமாக்காரன் நான் ஒருவன்தானே. மூடி எண் ஏழு.

புள்ளிவிவரம் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எதையும் மூன்று தடவை கேட்டுத்தான் நம்புவாள். "குறுக்கு விசாரணை" என்று நான் வைத்த பெயரால்தான் இப்போது எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அவள் சொன்னாள்: "அண்ணா, கையேட்டை முழுசா படிச்சிட்டு ஆரம்பிங்க. நாலு பக்கம்தான்."

மூன்று பக்கம் படித்தேன். நான் என்ன புதிதாகவா இன்ஹேலர் பார்க்கிறேன்?

மார்ச் 25, செவ்வாய்

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 26, புதன்

மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூடி அலமாரியில் அழகாக இருக்கிறது. தூசி தட்டினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

லேசாக இழுப்பு. பிரவுன் இரண்டு பஃப் போட்டேன். நடுவில் ஒருநாள் மட்டும் போட்டு ஒரு பயனும் இல்லை என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். ஆனாலும் போட்டேன், மனசுக்கு ஒரு திருப்தி.

பலகையில் எங்கே பார்த்தாலும் பச்சை. மேடம் வெளியாட்களைக் கூட்டி வந்து காட்டுகிறார். நானும் தற்செயலாக அந்தப் பக்கம் போய் நிற்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் எனக்கே நான் சொன்ன பொய்தான் ஞாபகம் இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

இன்று மூடியைத் திருப்பிக் கொடுக்கும் நாள். காலையில் பல் தேய்க்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது நாள், நாளுக்கு நாலு, நூற்றிருபது பஃப். போட்டது ஆறு. மிச்சம் நூற்றுப் பதினான்கு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் பக்கமாக அமுக்க ஆரம்பித்தேன். நாற்பதில் பெருவிரல் வலித்தது. எழுபதில் கையை மாற்றிக்கொண்டேன். ஐம்பத்திரண்டு வயது ஆள், இடுப்பில் துண்டோடு, ஜன்னலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து என் மனைவி கதவைத் தட்டினாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள், காலை முதல் வகுப்புக்குக் கிளம்ப வேண்டும். "ஏங்க, உள்ள என்ன, கொசு மருந்தா அடிக்கிறீங்க?" நான் ஷேவிங் என்றேன். "பத்து நிமிஷமா புஸ்ஸு புஸ்ஸுன்னு ஷேவிங்கா?" என்றாள்.

ஆபீசில் குறுக்கு விசாரணை மூடியைக் கணினியில் மாட்டினாள். நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இன்னிக்குக் காலையில ஏழு பன்னெண்டுல இருந்து ஏழு இருபத்தி மூணுக்குள்ள நூத்திப் பதினாலு தடவை அமுக்கியிருக்கு."

நாலாம் பக்கம். சில்லு எண்ணிக்கை மட்டும் எடுக்காது, தேதியும் நேரமும் எடுக்கும் என்று நாலாம் பக்கத்தில் இருக்கிறது. இப்போது படித்துவிட்டேன்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் சிரித்திருப்பாள், இரண்டு நாள் கேலி செய்திருப்பாள், அவ்வளவுதான். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றுவிட்டு, "கருவி கோளாறா இருக்கும்மா" என்றேன். என் குரல் எவ்வளவு நிதானமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மற்ற மூடிகளும் திரும்பி வந்துவிட்டன. ஆறு மூடிகளில் அதே கதை. மாதம் முழுக்க ஒன்றுமில்லை, கடைசி நாளில் பத்து நிமிடத்துக்குள் நூறு, நூற்றுப் பத்து. அந்த ஆறு பேரும் பலகையில் பச்சை. பேக்கரி மாஸ்டர், எண் முப்பத்தொன்றும் அதில் ஒருவர்.

பார்த்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு குளியலறை ஜன்னல்கள். தராசைத்தானே ஏமாற்ற வேண்டும்? ரோஷம் வந்து போடுவார்கள் என்று நினைத்தேன். வந்தது ரோஷம்தான், மருந்து மட்டும் வாய்க்குள் போகவில்லை.

குறுக்கு விசாரணைக்கு மனசு ஒப்பவில்லை. "உங்களோடதைச் சேர்த்து ஏழு மூடியும் வருகை நாள் காலையிலதான் கெட்டுப்போகுது. இன்னிக்கு வருகை நாள்னு கருவிக்கு எப்படி அண்ணா தெரியும்?"

நான் என்னென்னவோ சொன்னேன். நம் கட்டடத்து வைஃபை என்றேன். வெப்பநிலை என்றேன். நான் நல்லவன், பதினான்கு வருடம் இருக்கிறவன் என்பதால் கடைசியில் தலையாட்டினாள். ஏழு மூடிகளையும் "கருவிக் கோளாறு" என்று ஒதுக்கி, கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டாள். இனி இந்த ஆறு பேருக்கும் தராசு சொல்வதுதான் வேதவாக்கு.

ஒன்றும் ஆகாது. ஒரு மாதத் தகவல்தானே.

மே 6, செவ்வாய்

ஆகிவிட்டது.

பேக்கரி மாஸ்டர் தன் முறை இல்லாத ஒரு நாளில் வந்தார். மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மாஸ்டர் ஒரு வாக்கியம் பேச மூன்று தடவை நிறுத்தினார். மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கும் குழாயில் இருநூற்று நாற்பதுதான் வந்தது, அவர் உயரத்துக்கு ஐந்நூறாவது வர வேண்டும். நீலம் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பிறகு மேடம் அவருடைய கோப்பைத் திறந்தார். எடை, பச்சை. அதற்கு முந்தைய மாதம், பச்சை. சில்லு, "கருவிக் கோளாறு".

"மருந்தை ஒரு நாள் விடாம போட்டும் இப்படின்னா, மாவுதான் காரணம்," என்றார் மேடம். "மாவுத் தூசி ஒத்துக்கல. இனி அந்த வேலை வேண்டாம். முதலாளிக்கு நான் கடிதம் தர்றேன்."

மாஸ்டர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மனைவிதான், "இவருக்கு வேற ஒண்ணும் தெரியாது மேடம்," என்று மெதுவாகச் சொன்னார். மேடத்துக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் அறையின் மூலையில் நின்றுகொண்டிருந்தேன், கையில் பேனாவோடு.

கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்.

மே 7, புதன்

மாவு காரணமாக இருக்கலாம். பேக்கரியில் வேலை செய்கிறவர்களுக்கு மாவால் ஆஸ்துமா வருவது புதிதல்ல, எங்கள் பிரசுரத்திலேயே ஆறாம் பத்தியில் இருக்கிறது. இருக்கலாம் இல்லையா? அப்படியானால் நான் சொன்னதால் எந்தக் கெடுதலும் இல்லை.

ஆனால் மருந்தே உள்ளே போகாத ஒருவரிடம் மருந்து வேலை செய்யவில்லை என்று எப்படி முடிவுக்கு வருவது?

மே 8, வியாழன்

சொல்லலாம் என்று மேடம் அறை வாசல்வரை போனேன். "என்ன?" என்றார். "மை தீர்ந்துபோச்சு மேடம், பிரிண்டருக்கு" என்றேன். மை இருந்தது.

மே 9, வெள்ளி

பயமா இருக்கு. அவ்வளவுதான். வேலை போயிடும்னு பயமில்ல, அது போகாது. எல்லாரும் சிரிப்பாங்களேன்னு பயம். ஒரு மனுஷன் இருபத்திரண்டு வருஷம் செஞ்ச வேலையை விடப் போறான், நான் இங்க சிரிப்பைப் பத்திக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன். நல்ல ஒருங்கிணைப்பாளர்.

கடிதம் என் பையில் இருக்கிறது. நாளை நேரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் மேடம்.

மே 10, சனி

பேக்கரிக்குப் போனேன். முதலாளி இன்னும் வரவில்லை, பின்பக்கம் மாஸ்டர் இருக்கிறார், போங்கள் என்றார்கள். பின்பக்கம் என்றால் மாவு அறை வழியாகத்தான். நான் நுழைந்த நேரம் பார்த்து ஒருவர் ஒரு மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டினார்.

பத்து அடி நடப்பதற்குள் நெஞ்சு இறுகிவிட்டது. பையைத் துழாவினேன். கடிதம் இருந்தது, துண்டுப் பிரசுரம் இருபது இருந்தது, நீலம் இல்லை. அது ஆபீஸ் மேசை டிராயரில். "நீல இன்ஹேலர் எப்போதும் கையில் இருக்கட்டும்" என்று பிரசுரத்தின் முதல் வரி சொல்கிறது, அதையும் நான்தான் எழுதினேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இருபது பிரசுரத்தோடு சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

யாரோ தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். பின்வாசல், காற்று. கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்து, ஏப்ரன் பையிலிருந்து நீலத்தை எடுத்து, வாய்ப்பகுதியைத் துடைத்து, என் உதட்டில் வைத்தார் மாஸ்டர். "மெதுவா சார். இழுங்க. பிடிச்சு வைங்க. பத்து எண்ணுங்க." நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள், அதே வரிசை. என்னைவிட நன்றாகச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது," என்றார். "பிரவுன் ஒழுங்கா போடறவங்களுக்கு இப்படி சட்டுனு பிடிக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

பாம்பின் கால் பாம்பறியும். எனக்கு மறுத்துப் பேச மூச்சும் இல்லை, மனசும் இல்லை. "நான் போடறதில்ல மாஸ்டர்," என்றேன். ஒன்று வந்ததும் மற்றதெல்லாம் வந்துவிட்டது. குளியலறை, துண்டு, நூற்றுப் பதினான்கு, என் மனைவியின் கொசு மருந்து, நாலாம் பக்கம், கருவிக் கோளாறு. அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். முடித்ததும் கேட்டார்: "பெருவிரல் வலிக்கும், இல்ல?"

"எங்க அடிச்சீங்க?" என்றேன்.

"உங்க ஆபீஸ் பின்மாடிப்படியில சார். ரெண்டாவது தளத்துல ஒரு அம்மா அடிச்சிட்டு இருந்தாங்க. நான் கீழ இறங்கி வந்துட்டேன்."

சிரித்தோம். வெட்கமாகவும் இருந்தது, சிரிக்கவும் முடிந்தது. பிறகு அவர் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை. முதல் பச்சை உண்மையானது. அந்த ஒரு மாதம் ஒரு வேளைகூட விடாமல் போட்டிருக்கிறார்.

"அந்த மாசம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார். மூட்டை கொட்டினாலும் ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"நல்லா இருந்துச்சே. அதனாலதான்."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு பிரசுரத்தை எடுத்து நீட்டியிருப்பேன். அவர் தொடர்ந்தார். "விட்டதும் மெதுவா வந்துச்சு. ஆனா பச்சை வாங்கியாச்சு, நீங்க எல்லார் முன்னாடியும் கை தட்டியாச்சு. வீட்டுல அந்தப் படத்தை எல்லாருக்கும் அனுப்பியாச்சு. அடுத்த மாசம் போய் சிவப்புல நிக்கறதா? டாக்டரம்மா மாவுதான்னு சொன்னப்போ, ஒருவேளை அப்படித்தானோன்னு எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு சார்."

வேலையை விடத் தயாராக இருந்தவர், போடவில்லை என்று சொல்லத் தயாராக இல்லை. இதில் அவரைச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

"அது என்ன கவர் சார்?" என்றார். என் பை திறந்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஆபீஸ் காகிதம்," என்று மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

காலையிலேயே போய்ச் சொன்னேன். மேடமும் குறுக்கு விசாரணையும் இருந்தார்கள். ஏழாம் எண் மூடியின் வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். முப்பது நாள் தரையோடு தரையாகப் போகிற கோடு, கடைசியில் ஒரே ஒரு தூண். "இது கருவி இல்ல மேடம், நான்," என்றேன். எவ்வளவு ஒத்திகை பார்த்தும் இதற்கு மேல் நல்ல வாக்கியம் வரவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கடிதம் கொடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ஆளோட வேலையைப் பறிச்சிருப்பேன். அதுவும் போகட்டும், மருந்து போடாமலே இன்னொரு தடவை அந்த நிலைமைக்குப் போயிருந்தா? நீங்க இருக்கிறதே அதைக் கண்டுபிடிக்கத்தானே?"

என் வேலையைப் பதினான்கு வருடத்தில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

குறுக்கு விசாரணை வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "வைஃபைன்னு சொன்னீங்களே அண்ணா. நான் நம்பிட்டேன்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இது ஆய்வுப் பதிவில் நெறிமுறை மீறல் என்று ஏறும், காரணத்தோடு, என் பொறுப்பு என்ற குறிப்போடு. மாஸ்டருக்கு எட்டு வாரம். நேரம் காட்டும் மூடியோடு உண்மையாகப் போட்டுப் பார்ப்பது, வேலை முடிந்ததும் தினமும் ஊதி எழுதுவது. அதன் பிறகும் குழாயில் அளவு ஏறாவிட்டால் மாவுதான், கடிதம் போகும். அதுவரை மூட்டையை வேறு யாராவது கொட்ட வேண்டும், அவர் முகக்கவசம் போட வேண்டும்.

வீட்டில் சொன்னேன். மனைவி கேட்டுவிட்டு, "கிளட்ச்சை மிதிச்சுட்டுத்தான் கியர் மாத்தினேன்னு என்கிட்டயும் தினம் ஒருத்தர் சொல்றாங்க. வண்டி சொல்லிடும்," என்றாள். பிறகு என் நெஞ்சில் காது வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

மே 13, செவ்வாய்

பலகையை நானே கழற்றினேன். சுவரில் நாலு ஓட்டை.

ஜூன் 5, வியாழன்

மாதாந்திரக் கூட்டம். வந்தவர்கள் முன்னால் நானே பேச வேண்டும் என்றார் மேடம். தண்டனையா சிகிச்சையா என்று கேட்கவில்லை. என் தூணைத் திரையில் பெரிதாகப் போட்டு, குளியலறைக் கதையைத் துண்டு உட்படச் சொன்னேன். இருபத்தைந்து பேர். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தொலைந்தேன் என்று நினைத்தேன்.

பின்வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினார். "நான் ரெண்டாவது தளத்துல சார்." பக்கத்தில் இருந்தவர், "நான் வாஷ்பேசின்ல." பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. ஒருவர் தோட்டத்துச் செடிக்கு அடித்திருக்கிறார், செடி ஆரோக்கியமாக இருக்கிறதாம்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் கேட்டார், ஏன் போடவில்லை என்று. அப்போதுதான் பதினான்கு வருடத்தில் நான் கேட்காத பதில்களெல்லாம் வந்தன. தொண்டை கம்முது. பழக்கமாயிடுமோன்னு பயம். காலை ஷிப்ட், ஞாபகமே வராது. மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. நல்லா இருக்கேன், எதுக்கு?

இனி என் படிவத்தில் "போட்டீங்களா?" கிடையாது. "போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்றுதான் கேள்வி. விட்டுப்போயிருக்கும் என்று முதலிலேயே நாமே ஒத்துக்கொண்டுவிட்டால் சொல்வது சுலபம். கேள்வியை எழுதியது குறுக்கு விசாரணை. என்னிடம் இப்போது பேசுகிறாள், ஆனால் எதையும் நாலு தடவை கேட்கிறாள்.

ஜூன் 18, புதன்

மாஸ்டருக்கு முந்நூற்று அறுபது. ஏறுகிறது, ஆனால் போதாது. முந்நூற்று அறுபதில் நின்றுவிட்டால் என்ன செய்வது? வேண்டாத தெய்வமில்லை. ஆய்வு செய்கிறவன் வேண்டிக்கொள்ளக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. இந்தத் தடவை எல்லாப் பக்கமும் பார்த்தேன்.

நான்: காலை உண்டு, மாலை இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காலை உண்டு. மாலை உண்டு. பேருந்தைப் பிடிக்க ஓடினேன், பிடித்தேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, நான் ஓடியிருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

எட்டு வாரம். மேடம் மூடியைப் பார்த்தார், நேரங்களைப் பார்த்தார், மாஸ்டர் எழுதிய தாளைப் பார்த்தார். விட்டுப்போன வேளைகளில் எல்லாம் "விட்டேன்" என்று பெரிய எழுத்தில் இருந்தது, பதினொரு இடத்தில். சில்லும் அதே பதினொன்றைத்தான் சொன்னது. ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

வேலை முடிந்து நேராக வந்து ஊதினார். நானூற்று அறுபது. இன்னொரு முறை ஊதச் சொன்னார் மேடம். நானூற்று எழுபது.

"மாவு கொஞ்சம் தொந்தரவு பண்ணத்தான் செய்யும். மூட்டை கொட்ட வேண்டாம், கவசம் வேணும், மாசாமாசம் இங்க வரணும். வேலையை விட வேண்டாம்," என்றார் மேடம். கோப்பிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மாஸ்டர் எழுந்து நின்றுகொண்டார், யார் கை தட்டப் போகிறார்கள் என்பதுபோல. நான் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொல்லவும் இல்லை. அழுகைதான்.

ஜூலை 22, செவ்வாய்

பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. மாஸ்டரின் மனைவி, பேக்கரியிலிருந்து. நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"சார், ஒண்ணுமில்ல. அவரு மாவு பிசைஞ்சிட்டு இருக்காரு, கை காலியா இல்ல. நேத்து சாயங்காலமும் இன்னிக்குக் காலையிலயும் விட்டுப்போச்சாம். உங்ககிட்ட சொல்லிடச் சொன்னாரு."

பதினான்கு வருடத்தில் போடவில்லை என்று சொல்வதற்காக யாரும் எனக்குப் போன் செய்ததில்லை. தேதி போட்டு எழுதிக்கொண்டேன். "இப்பவே போடச் சொல்லுங்க," என்றேன். "அப்புறம், நானும் நேத்து சாயங்காலம் விட்டுட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

போனைக் கீழே வைக்காமலே அந்தம்மா உள்பக்கம் திரும்பிக் கத்திச் சொன்னார். தூரத்தில் மாஸ்டர் சிரிப்பது கேட்டது. நீளமான சிரிப்பு. நடுவில் இருமல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.